குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை: ஏற்பதா, காத்திருப்பதா?

வாசகர் கடிதம்:

"எனக்கு வயது 41. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பொருளாதார மந்தத்தால் ஆர்டர்கள் குறைந்து, ஏழு மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு 150க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. இரண்டு இடங்களில் இறுதிச் சுற்று நேர்காணல் வரை போனேன். ஓரிடத்தில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். இன்னோரிடத்தில் அந்தப் பணியிடத்தையே நிறுத்திவைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது ஒரு சிறிய நிறுவனம், நான் முன்பு வாங்கியதில் 70 சதவீதச் சம்பளத்துக்கு, ஒரு படி கீழான பதவியில், ஓராண்டு ஒப்பந்தத்தில் கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு ஏறவே முடியாது என்கிறான் என் தம்பி. இதற்கிடையில் ஓர் ஏஜென்சி, முன்பணம் கட்டினால் பெரிய நிறுவனத்தில் வேலை உறுதி என்கிறது. வேலை போனது என் கணவரையும் தம்பியையும் தவிர யாருக்கும் தெரியாது. என்னிடம் என்ன குறை என்று யோசித்து யோசித்துத் தூக்கமே போய்விட்டது. நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வாரத்துக்குள் நீங்கள் முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அந்த ஏஜென்சி, மற்றொன்று அந்தச் சிறிய நிறுவனம். முதலாவதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்த ஏஜென்சிக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். ஆள் தேடித் தருவதற்கான கட்டணத்தை ஆள் தேவைப்படும் நிறுவனம்தான் கொடுக்கும். வேலை தேடுகிறவர் கொடுப்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் ஏற்றுக்கொண்ட 181ஆம் உடன்படிக்கையும், தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று பெயர் எதுவாக இருந்தாலும் பணம் உங்களிடமிருந்து அவர்களுக்குப் போகிறது என்றால் விலகிவிடுங்கள். வேலை உறுதி என்று எந்த நேர்மையான ஏஜென்சியும் சொல்லாது, ஏனென்றால் முடிவு அவர்கள் கையில் இல்லை. அடையாள ஆவணங்களையோ வங்கி விவரங்களையோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றே வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள். வேலை கிடைக்காத காலத்தில்தான் இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல வியாபாரம். உங்களுடைய ஏழு மாதத் தவிப்பை அவர்கள் விலைபேசுகிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு வருகிறேன். 'என்னிடம் என்ன குறை?'

மனிதவளத் துறையில், ஆளெடுக்கும் பக்கத்தில் நீண்ட காலம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். பதில் வராத விண்ணப்பங்களில் பெரும்பகுதி யாராலும் முழுமையாகப் படிக்கப்படுவதே இல்லை. நல்ல காலத்தில் ஒரு மேலாளர் ஆள் வேண்டும் என்று கேட்டால், ஓரிரண்டு கையெழுத்துகளில் ஒப்புதல் கிடைத்துவிடும். மந்தம் வந்துவிட்டால் அதே கோரிக்கை நிதிப் பிரிவில் தங்கும், மேலிடத்துக்குப் போகும், அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று திரும்பி வரும். இதற்குள் விளம்பரம் வெளியாகியிருக்கும், நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பித்திருப்பார்கள், ஒரு சிலருக்கு நேர்காணலும் நடந்திருக்கும். ஒப்புதல் ரத்தானதும் விளம்பரத்தை எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. சில இடங்களில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரை அந்த இடத்துக்கு மாற்றுவது என்று முடிவாகியிருக்கும், ஆனாலும் நடைமுறைக்காக விளம்பரம் கொடுத்திருப்பார்கள். நீங்கள் இறுதிச் சுற்று வரை போன பணியிடம் நிறுத்திவைக்கப்பட்டதே, அது இப்படி நடந்த ஒன்றாகத்தான் இருக்கும். அங்கே உங்களை யாரும் நிராகரிக்கவில்லை. இறுதிச் சுற்று வரை இருமுறை அழைக்கப்பட்டவரின் தகுதியில் பெரிய ஓட்டை இருக்க முடியாது.

(ஆளெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணியிடம் நின்றுபோனால், நேர்காணலுக்கு வந்தவர்களுக்காவது இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டு வரி வராததால் எத்தனை பேர் தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி.)

2008 நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதற்குத் தெளிவான கணக்கு இருப்பதால் அதைச் சொல்கிறேன். நெருக்கடிக்கு முன், 2007இல், ஒரு காலியிடத்துக்கு வேலையில்லாதவர்கள் இரண்டு பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள். 2009இல் அது ஆறு பேருக்கு மேல் போனது. அந்த ஆண்டு அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. இதற்குக் காரணம் ஆட்குறைப்பு மட்டுமில்லை. வேலையில் இருந்தவர்கள் பயத்தில் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தாமாக வேலையை விடுகிறவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒருவர் விலகினால்தானே அவர் இடம் காலியாகும்? எல்லோரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால் வெளியே நின்றவர்களுக்கு வழி குறைந்தது. ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மிக மோசமான அந்த மாதங்களில்கூட அங்கே மாதத்துக்கு 35 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் புதிதாக வேலையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஓய்வு பெறுவோர், வீட்டுச் சூழலால் விலகுவோர், உடல்நலமின்றி நிற்போர் எப்போதும் உண்டு. ஆளெடுப்பு முழுமையாக நிற்பதே இல்லை. அதன் முறைதான் மாறிவிடுகிறது.

எப்படி மாறுகிறது? மந்த காலத்தில் ஆளெடுக்கும் மேலாளரும் பயத்தில்தான் இருக்கிறார். தவறான ஆளை எடுத்துவிட்டால், அவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை எடுக்க அவருக்கு இன்னொரு ஒப்புதல் கிடைக்காது. ஒரே ஒரு வாய்ப்பு, அது வீணாகிவிடக் கூடாது என்ற பதற்றம். நீங்கள் சந்தித்த தடைகள் பலவற்றுக்கு இந்தப் பயம்தான் வேர். இதைப் பிடித்துக்கொண்டால், நீங்கள் செய்ய வேண்டியவை எல்லாம் வரிசையாகத் தெரிந்துவிடும்.

பயந்த மேலாளர் முதலில் தகுதிப் பட்டியலை நீட்டுவார். 2008க்குப் பின் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் வேலை விளம்பரங்கள் கேட்ட கல்வியும் அனுபவமும் மற்ற இடங்களைவிட அதிகமாக உயர்ந்ததை 2018இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது. எனவே பத்துத் தகுதிகள் கேட்கும் விளம்பரத்தைப் பார்த்து, நம்மிடம் ஏழுதானே இருக்கிறது என்று பின்வாங்காதீர்கள். பத்தும் உள்ள ஒருவர் பெரும்பாலும் வரமாட்டார்.

அடுத்து, அவர் தனக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் ஆளைத் தேடுவார். உங்கள் ஏழு மாத உழைப்பு ஏன் பலன் தரவில்லை என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய 150 விண்ணப்பங்களும் அறிமுகமே இல்லாதவர்களுக்குப் போனவை. உங்களை அறிந்தவர்களுக்கோ உங்களுக்கு வேலை போனதே தெரியாது.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970களின் தொடக்கத்தில், அறிமுகம் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்த வேலையைப் பற்றிச் சொன்னவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர் மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது பார்க்கிறவர்கள், சில சமயம் பல ஆண்டுகளாகப் பார்க்காதவர்கள். நெருங்கிய நண்பர்களுக்கு உங்கள் மீது அக்கறை அதிகம், ஆனால் உங்களுக்குத் தெரிந்த உலகம்தான் அவர்களுக்கும் தெரியும். தூரத்து அறிமுகம் வேறு உலகத்தில் இருப்பவர். 2022இல் லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனாளர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வும், மிகவும் தூரமில்லாத, ஓரளவு விலகிய அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது.

உங்கள் விஷயத்தில் அந்தத் தூரத்து அறிமுகங்கள் யார் தெரியுமா? உங்கள் சப்ளையர்கள். 12 ஆண்டுகள் அவர்களிடம் விலை பேசியிருக்கிறீர்கள், தாமதமான சரக்குக்காகச் சண்டை போட்டிருக்கிறீர்கள், அவர்களுடைய பில் நேரத்துக்குக் கிடைக்க உள்ளே போராடியிருக்கிறீர்கள். ஒரு கொள்முதல் அதிகாரியின் நேர்மையை அவருடைய மேலாளரைவிடச் சப்ளையருக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த நிறுவனத்தில் இப்போதும் ஆர்டர் வருகிறது, எங்கே கொள்முதலில் ஆளில்லாமல் திணறுகிறார்கள், யார் விலகப்போகிறார்கள் என்பதெல்லாம் விளம்பரம் வருவதற்கு முன்பே அவர்கள் காதுக்கு எட்டிவிடும். அவர்களோடு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தினர், உங்கள் கணக்குகளைத் தணிக்கை செய்தவர்கள், உங்கள் நிறுவனத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே விலகிப்போனவர்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆட்குறைப்பில் உங்களுடன் வெளியே வந்தவர்களை மட்டும் நம்பியிருந்தால், எல்லோரும் ஒரே காலியிடத்தைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

பேசுவது எப்படி என்ற தயக்கம் இருக்கும். வேலை வாங்கித் தாருங்கள் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், கொடுக்க முடியாதவர் சங்கடப்பட்டு ஒதுங்கிவிடுவார். அவரால் கொடுக்க முடிந்ததைக் கேளுங்கள், அதாவது தகவலை. இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்களிடம் பேக்கிங் பொருட்கள் வாங்கிய கொள்முதல் பிரிவில் இருந்தவள் நான். ஆர்டர்கள் குறைந்ததால் எங்கள் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தினார்கள், என் பணியும் முடிந்துவிட்டது. கொள்முதலிலேயே தொடர விரும்புகிறேன். இப்போது எந்த மாதிரி நிறுவனங்கள் தொடர்ந்து வாங்குகின்றன, எங்கே இந்த அனுபவம் பயன்படும் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாரம் பத்து நிமிடம் பேச முடியுமா?"

பேசி முடிக்கும்போது, வேறு யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயர் கேளுங்கள். இரண்டு நாட்களுக்குள் நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று இன்னொரு வரி. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாளை அவர்களுக்குத் தேவை வரும்போது நீங்களும் இதைத்தான் செய்வீர்கள்.

பயந்த மேலாளர் உங்கள் பயோடேட்டாவில் எதைத் தேடுவார் என்று இப்போது பாருங்கள். அதை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. ஆனால் 12 ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தவர்களின் பயோடேட்டாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 'கொள்முதல் ஆணைகள் தயாரித்தல், சப்ளையர்களுடன் தொடர்பு, இருப்புக் கண்காணிப்பு' என்று வேலையின் விளக்கம் இருக்கும், வேலை செய்தவரைக் காணவே முடியாது. மந்த காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று கவலைகள் உண்டு. கையில் பணம் நிற்க வேண்டும், செலவு குறைய வேண்டும், தேவையற்ற சரக்கு கிடங்கில் முடங்கக் கூடாது. இந்த மூன்றையும் தொடுகிற துறை உங்களுடையது! இது எல்லாத் துறையினருக்கும் வாய்க்கிற வசதி இல்லை. எனவே சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் கெடுவை 30 நாளிலிருந்து 45 நாளாக நீட்டித்துக் கொடுத்தீர்களா, அதை எழுதுங்கள். ஒரே சப்ளையரை நம்பியிருந்த பொருளுக்கு இரண்டாவது ஒருவரைக் கண்டுபிடித்தீர்களா, அதை எழுதுங்கள். விலையுயர்வை எத்தனை சதவீதத்தில் நிறுத்தினீர்கள், மெதுவாக நகரும் சரக்கை எவ்வளவு குறைத்தீர்கள் என்பதை உங்களால் நிரூபிக்க முடிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். சதவீதம் போதும், பழைய நிறுவனத்தின் விலைகளையோ சப்ளையர் பெயர்களையோ வெளியிட வேண்டாம். அதைப் பார்க்கிற மேலாளர், நாளை நம் ரகசியத்தையும் இவர் இப்படித்தான் எழுதுவார் என்று நினைப்பார்.

இந்த ஐந்தாறு வரிகள் முதல் பக்கத்தின் மேல்பாதியில் வர வேண்டும். அவை உருவாக இரண்டு நாளானாலும் பரவாயில்லை. நேர்காணலிலும் இவையேதான் உங்களுக்குப் பேச்சாகக் கைகொடுக்கும்.

ஏழு மாத இடைவெளியைப் பற்றியும் பயப்படுகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. இதைப் பற்றி ஒரு நல்ல பரிசோதனை உண்டு. அமெரிக்காவின் 100 பெரிய நகரப் பகுதிகளில், 3,000 வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 12,000 கற்பனை பயோடேட்டாக்களை அனுப்பி, வேலையின்றி இருந்த காலம் அழைப்புகளை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. முதல் எட்டு மாதங்களில் இடைவெளி கூடக்கூட அழைப்பு குறைகிறது என்பது உண்மைதான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் வேலையின்மை அதிகமான பகுதிகளில் அந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஊரெல்லாம் வேலை இழந்து நிற்கும்போது, ஒருவரின் இடைவெளியை அவரது குறையாக யாரும் எளிதில் எண்ணுவதில்லை.

நேர்காணலில் இதைக் கேட்டால் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுங்கள். "ஆர்டர்கள் குறைந்ததால் எங்கள் பிரிவில் பாதிப் பேர் நிறுத்தப்பட்டோம். இந்த மாதங்களில் இன்னின்ன செய்தேன், உங்கள் பணிக்கு நான் பொருத்தமானவள் என்று நினைப்பதற்குக் காரணம் இது." அதற்கு மேல் விளக்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். பழைய நிறுவனத்தைக் குறை சொல்லாதீர்கள், உங்களுக்கு நியாயமான வருத்தம் இருந்தாலும். நிறுத்தப்பட்டதற்குக் காரணம் ஆட்குறைப்பு, பணித்திறன் காரணமில்லை என்று குறிப்பிடும் கடிதம் உங்களிடம் இல்லையென்றால் உடனே கேட்டு வாங்குங்கள். முன்னாள் மேலாளரோடு சுமுகமாக இருந்தால், யாராவது விசாரித்தால் பேச முடியுமா என்று அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இந்த இரண்டும் பயந்த மேலாளரின் மனதில் இருக்கும் கேள்வியை அவர் கேட்கும் முன்பே தீர்த்துவிடும்.

இப்போது கடினமான பகுதி. வேலை போனதைக் கணவரையும் தம்பியையும் தவிர யாரிடமும் சொல்லாமல் ஏழு மாதம் சுமந்திருக்கிறீர்கள். அது எவ்வளவு பாரம் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வேலை தேடுவதற்கு அது இடைஞ்சல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மௌனம் உங்களையே அரித்துவிடும் என்பதுதான் என் பெரிய கவலை.

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற கிராமத்தில் ஒரு நெசவாலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஊரே வேலையிழந்தது. மரி யஹோதாவும் அவரது சக ஆய்வாளர்களும் அங்கே தங்கி மக்களைக் கவனித்தார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்திருந்தது. நேரம் நிறைய இருந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. காலையில் எழுந்தது முதல் மதிய உணவு வரை என்ன செய்தோம் என்று பலரால் சொல்ல முடியவில்லை. வேலை சம்பளத்தோடு ஒரு நாளின் வடிவத்தையும் மனிதர்களின் தொடர்பையும் தருகிறது. வேலை போகும்போது இவையும் சேர்ந்து போய்விடுகின்றன. உங்களுக்குத் தூக்கம் போனதற்கும் இதில் பங்கு இருக்கலாம்.

எனவே நாளுக்கு ஒரு வடிவம் கொடுங்கள். காலையில் மூன்று மணி நேரம் வேலை தேடுதல், அதற்கு மேல் வேண்டாம். அதில் பாதிக்கு மேல் மனிதர்களிடம் பேசுவதற்கு. மீதியில் நன்றாகப் பொருந்தும் விளம்பரங்களுக்கு மட்டும் விண்ணப்பம். வாரத்துக்கு ஐந்து போதும், ஒவ்வொன்றும் அந்த நிறுவனத்துக்காகவே எழுதியதாக இருக்கட்டும். பிற்பகலில் தேடுதலைத் தொடவே தொடாதீர்கள். இன்னொன்றையும் முயன்று பார்க்கச் சொல்வேன். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், வேலை இழந்த தொழில்நுட்ப வல்லுநர்களில் ஒரு பிரிவினரை, தொடர்ந்து ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 20 நிமிடம், வேலை போனதால் மனதில் எழுந்த எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிட விரைவாக வேலை கிடைத்தது. அவர்கள் அதிக விண்ணப்பங்கள் அனுப்பியதால் அப்படி நடக்கவில்லை. உள்ளே இருந்த கோபம் ஓரளவு இறங்கியதால் நேர்காணலில் அது வெளியே எட்டிப்பார்க்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத மருந்து. தூக்கமின்மை இன்னும் சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

சரி, அந்தச் சிறிய நிறுவனம்.

உங்கள் தம்பியின் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் சொல்வதில் பாதிதான் சரி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்து ஆட்குறைப்பில் வெளியேறியவர்களின் வருமானத்தைத் தொடர்ந்து கணக்கிட்ட ஆய்வு 1993இல் வெளியானது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் அவர்களின் வருமானம், வேலை போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவாக இருந்தது. கசப்பான கணக்குதான். ஆனால் இதிலிருந்து உங்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். முதலாவது, நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கு இந்த இறக்கம் பரவலாக நடப்பது. உங்கள் பழைய சம்பளத்தில் ஒரு பகுதி, அந்த ஒரு நிறுவனத்தின் நடைமுறைகளை நீங்கள் உள்ளங்கைபோல் அறிந்திருந்ததற்காகக் கிடைத்தது. அந்த அறிவை வெளியில் யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள். எனவே 70 சதவீதம் என்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, இழந்ததைக் காலம் தானாகத் திருப்பித் தந்துவிடாது. கனடாவில் மந்த காலத்தில் பட்டம் பெற்று, சிறிய, குறைவாகச் சம்பளம் தரும் நிறுவனங்களில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளியானது. அவர்கள் மெல்ல மெல்ல நல்ல நிறுவனங்களுக்கு மாறித்தான் இழப்பை ஈடுகட்டினார்கள். உங்கள் வயதும் நிலையும் வேறு, ஆனாலும் ஏறும் வழி அதுதான். மாறுவதற்குத் தேவையான நிலையில் உங்களை வைத்திருக்கும் வேலையா இது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். வேலை கொள்முதல் துறையிலேயே இருந்து, அந்த நிறுவனம் சம்பளத்தை நேரத்துக்குக் கொடுக்குமானால், ஏற்றுக்கொள்ளுங்கள். பதவிப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிறிய நிறுவனத்தில் பெயர் சிறியதாக இருந்தாலும் வேலை பெரியதாக இருக்கும். பெரிய நிறுவனத்தில் ஒரு பொருள் வகையை மட்டும் பார்த்தவர் இங்கே எல்லாவற்றையும் பார்ப்பார். வேலை கொள்முதலில் இல்லாமல், பெயருக்கு அலுவலக நிர்வாகம் என்று எல்லாவற்றையும் தலையில் கட்டுவதாக இருந்தால் மறுக்கலாம். உங்கள் கணவரின் வருமானத்தில் இன்னும் எத்தனை மாதம் குடும்பம் ஓடும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு. மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த மறுப்பையும் தள்ளிவையுங்கள்.

சம்பளம் ஒழுங்காக வருமா என்பதை எப்படி அறிவது? மறுபடியும் சப்ளையர்கள்தான். அந்த நிறுவனத்துக்குச் சரக்குக் கொடுக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, பில் பணம் நேரத்துக்கு வருகிறதா என்று நாளைக்கே கேளுங்கள். சப்ளையருக்கு மாதக்கணக்கில் பாக்கி வைக்கிற நிறுவனம், அடுத்து ஊழியருக்குப் பாக்கி வைக்கும். இதை உங்களைவிட நன்றாக யாரும் விசாரித்துவிட முடியாது.

வியாழக்கிழமை அவர்களுக்கு எழுதுங்கள். வாய்ப்புக்கு நன்றி, சேர விருப்பம், சேரும் முன் சிலவற்றை எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று தொடங்குங்கள். சம்பளத்தை உயர்த்தச் சொல்லி ஒருமுறை கேட்கலாம், ஆனால் மந்த காலத்தில் சிறிய நிறுவனத்தால் அது முடியாமல் போகலாம். அவர்களுக்குச் செலவில்லாதவற்றைக் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் சம்பளம் மறுபரிசீலனை செய்யப்படும் என்று ஒரு வரி. பணிப் பொறுப்புகளைச் சரியாகச் சொல்லும் பதவிப் பெயர். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதத்துக்கு முன்பே நீட்டிப்பு உண்டா இல்லையா என்று சொல்லும் கடப்பாடு. இவற்றைவிட முக்கியம் நோட்டீஸ் காலம், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் அங்கே வேலை செய்ய வேண்டிய காலம். அது ஒரு மாதத்தைத் தாண்ட வேண்டாம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மூன்று மாத நோட்டீஸ் கேட்டாலோ, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலோ, குறைக்கச் சொல்லுங்கள். நல்ல வாய்ப்பு வரும்போது அந்த ஒரு நிபந்தனைதான் உங்களைக் கட்டிப்போடும்.

மற்றவற்றை அவர்கள் மறுத்தாலும் சேரலாம். நோட்டீஸ் காலத்தைக் குறைக்க மறுத்து, விலகினால் பணம் என்றும் பிடிவாதமாக நின்றால் மட்டும் சேர வேண்டாம். அப்படி நடந்தால் அவர்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவோடு எனக்கு எழுதுங்கள், அடுத்தது என்ன என்று சேர்ந்து பார்ப்போம்.